மோட்டார் சைக்கிளின் குரோமுக்கு எந்தப் பாலிஷ்?



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், மோட்டார் சைக்கிளிலும் மற்ற வாகனங்களிலும் பளபளக்கும் குரோம் பாகங்களைப் பற்றியது. அவற்றைத் துலக்குவதற்குக் கடைகளில் பலவகைப் பாலிஷ்கள் விற்கப்படுகின்றன. எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'இது வாலிபப் பிள்ளைகளின் ஆடம்பரம். இதற்கும் ஒரு பாடமா?' என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டோம். விடியுமுன் பால்வெட்டுக்குப் போவது மோட்டார் சைக்கிளில்தான். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவதும், காய்ச்சல் கண்ட குழந்தையை மருந்தகத்துக்குக் கொண்டு போவதும், சம்பளம் போட்டவுடன் பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும் அதில்தான். மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய பொருள் அது. பல வீடுகளில் நகைக்கு அடுத்தபடியாக விலைமதிப்புள்ள சொத்தும் அதுவே.

அந்தச் சொத்தை நாம் துலக்குகிறோம். தீபாவளிக்கு முதல் வாரம் லயத்து வாசலில் வண்டியை நிறுத்தி, கை வலிக்கும்வரை தேய்க்கிறோம். ரிம் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் புறப்படும்போது பார்த்தால், தேய்த்த அதே இடத்தில் முன்பு இருந்ததைவிட அதிகமான செம்புள்ளிகள்! பாலிஷ் மட்டம் என்று சொல்லி அடுத்த முறை இன்னும் கடுமையான ஒன்றை வாங்குகிறோம். துருவும் இன்னும் விரைவாக வருகிறது. இது ஏன் என்று தெரிந்துகொண்டால் பாலிஷ் வாங்கும் வழியும் தெரிந்துவிடும்.

முதலில் குரோம் என்றால் என்ன என்று பார்ப்போம். குரோமியம் ஓர் உலோகம். 1797ஆம் ஆண்டில் வோக்லின் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புத் தாதுவை ஆராயும்போது இதைக் கண்டுபிடித்தார். கிரேக்க மொழியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் சிறிதளவு குரோமியமே காரணம். உலோகமாக இருக்கும்போது அது நீலம் கலந்த வெண்மையுடன் ஒளிரும். மிகவும் கடினமானது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆடை ஒன்று படிந்துவிடும். அந்த ஆடைதான் அதைக் காக்கிறது. ஆகவே வெள்ளியைப்போல அது கறுப்பதில்லை. பித்தளையைப்போல மங்குவதும் இல்லை.

மின்சாரத்தின் துணையால் இரும்பின்மேல் குரோமிய முலாம் பூசும் முறை, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிங்க், எல்ட்ரிஜ் ஆகிய இருவரின் ஆராய்ச்சிக்குப் பிறகு, 1920களில் தொழிற்சாலைகளுக்கு வந்தது. அதன்பின் கார் பம்பர்களும் மோட்டார் சைக்கிள் ரிம்களும் பளபளக்கத் தொடங்கின.

இங்கேதான் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. நம் வண்டியில் பளபளப்பது முழுவதும் குரோமியம் அல்ல. உள்ளே இருப்பது சாதாரண இரும்பு. அதன்மேல் நிக்கல் என்னும் உலோகம் பூசப்பட்டிருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நிக்கல் அதில் பாதிகூட இல்லை. அந்த நிக்கலின்மேல்தான் குரோமியம் இருக்கிறது. அதன் கனமோ பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு! தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. நாம் கடைக்குப் போய்ப் பாலிஷ் வாங்கித் தேய்ப்பது இந்த மெல்லிய ஆடையைத்தான்.

தாய்மார்கள் ஒன்று கேட்கலாம்: 'எவர்சில்வர் பாத்திரத்திலும் குரோமியம் இருக்கிறது என்கிறார்களே! அதை நாங்கள் நாள்தோறும் நாரால் தேய்க்கிறோமே, ஒன்றும் ஆகவில்லையே?' நல்ல கேள்வி. எவர்சில்வரில் குரோமியம் இரும்போடு சேர்த்து உருக்கப்பட்டிருக்கிறது. நாம் வாங்கும் நல்ல பாத்திரத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவில் குரோமியம் இருக்கும். மேலே கீறினாலும் அடியிலும் அதே கலவைதான். கீறிய இடத்தில் புதிய ஆடை தானே உண்டாகிவிடும். வண்டியின் குரோமோ மேலே போர்த்திய போர்வை. கிழிந்தால் உள்ளே இருப்பது வெறும் இரும்பு.

இனி, துரு எங்கிருந்து வருகிறது? குரோமியம் துருப்பிடிப்பதில்லை. நாம் காணும் செம்புள்ளி, அடியிலிருக்கும் இரும்பின் துரு. குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் துளைகளும் உண்டு. அவற்றின் வழியாக நீர் இறங்குகிறது. அடியிலுள்ள நிக்கலும் ஓரிடத்தில் ஓட்டையாகிவிட்டால் நீர் இரும்பைத் தொட்டுவிடும். இரும்பு துருவாகி, பருத்து, அந்தத் துளை வழியாகவே வெளியே எட்டிப்பார்க்கிறது.

இதை நம் வீட்டுக் கூரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தகரக் கூரை என்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அதில் ஆணி கீறி இரும்பு வெளியே தெரிந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிப்பதில்லை. ஏனென்றால் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். வீட்டில் பிள்ளைகளுக்காகத் தான் தேயும் தாயைப் போன்றது அது. நிக்கலும் குரோமியமும் அப்படியல்ல. அவை தம்மைக் காத்துக்கொள்ளும். ஈரம் இருக்கும் இடத்தில் இரும்பைத்தான் அரிக்கவிடும். பூச்சு முழுமையாக இருக்கும்வரை நல்ல காவல். ஓட்டை விழுந்துவிட்டாலோ, பூச்சில்லாத இரும்பைவிட அந்த ஓட்டைக்குள் இருக்கும் இரும்பு விரைவாக அரிபடும்.

ஆகவே, நேயர்களே, ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வோம். பாலிஷ் என்பது தேய்த்து எடுக்கும் பொருள். அது அழுக்கை எடுக்கும், வெளியே வந்த துருவையும் எடுக்கும். மேலும் தேய்த்தால் குரோமையும் எடுக்கும். ஆனால் துளையை அடைக்காது. தேய்த்தபின் துளையைத் திறந்தபடி விட்டுவிட்டால், மழைநீர் இறங்குவதற்கு வழி எளிதாகிறது. தீபாவளிக்குத் தேய்த்தது தைப்பூசத்தில் துருப்பிடிப்பதன் காரணம் இதுதான். பாலிஷ் மருந்தைப்போல, நோய் வந்தால் அளவோடு கொடுக்கவேண்டியது. கழுவுவதும், துடைப்பதும், மெழுகு பூசுவதும் சோற்றைப்போல. அவைதாம் நாளும் வேண்டியவை.

நம் தோட்டங்களில் குரோமுக்கு எதிரிகள் அதிகம். இந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் மிகுதி. இது போதாதென்று நம் தொழிலிலிருந்து வரும் எதிரிகளும் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் பால் உறைவதற்குப் போடும் திராவகம் ஃபார்மிக் அமிலம். அந்தத் திராவகப் புட்டியையும் ஒட்டுப்பால் மூட்டையையும் வண்டியில் கட்டிக் கொண்டுபோகும்போது புளித்த நீர் மட்காட்டிலும் ரிம்மிலும் சொட்டுகிறது. செம்பனைத் தோட்டத்தில் மரங்களுக்குப் போடும் பொட்டாஷ் உரம், பொட்டாசியம் குளோரைடு. நாம் சமையலுக்குப் போடும் உப்பு சோடியம் குளோரைடு. இரண்டும் உடன்பிறப்புகள். பூச்சின் நுண்ணிய துளைகளில் குளோரைடு புகுந்தால் நிக்கலும் இரும்பும் விரைவில் அரிபடும். உர மூட்டை ஏற்றிய வண்டியை அன்றைக்கே கழுவவேண்டும் என்று சொல்வது இதனால்தான். கேரித் தீவு போன்ற கடலோரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து தருகிறது.

இனிக் கடைக்குப் போவோம். அங்கே கிடைக்கும் பாலிஷ்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, டின்னிலோ புட்டியிலோ வரும் நீர்ம வகை. பிராசோ இவ்வகையில் பலரும் அறிந்தது. அது 1905ஆம் ஆண்டிலிருந்து விற்கப்பட்டு வருகிறது. பெயரே சொல்வதுபோல, அது பித்தளைக்காக உண்டானது. இவ்வகைப் பாலிஷில் மென்மையான தேய்ப்புப் பொடியும், எண்ணெய்ப்பசையைக் கரைக்கும் திரவமும், பெரும்பாலும் அம்மோனியாவும் இருக்கும். பித்தளையிலும் செம்பிலும் படிந்த கறையைக் கரைப்பதற்கு அம்மோனியா உதவும். சாமி மேடையில் இருக்கும் குத்துவிளக்குக்கு அது ஏற்றது. குரோமின்மேல் அப்படிப்பட்ட செம்புக் கறை எதுவும் இல்லை. ஒருமுறை துடைத்தால் குடிமுழுகிப் போகாது. ஆனால் அதற்கென்று போய் வாங்கவேண்டியதில்லை.

இரண்டாவது, டியூப்பில் வரும் பசை வகை. ஜெர்மனியிலிருந்து வரும் ஆட்டோசோல் இவ்வகையைச் சேர்ந்தது. மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் பலர் பார்த்திருப்போம். இவ்வகைப் பசைகளில் பொதுவாக மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி எண்ணெயில் குழைக்கப்பட்டிருக்கும். பல பசைகளில் அந்தப் பொடி அலுமினா. அலுமினா குரோமைவிடச் சற்றுக் கடினமானது. அதனால்தான் துருவை நன்றாக எடுக்கிறது. அதனால்தான் அளவும் வேண்டும் என்கிறோம். குரோமில் துருப்புள்ளி இருந்தால் இந்த வகையே பொருத்தம். ஒரு சிறு டியூப், ஒரு வண்டிக்கு நெடுநாள் வரும்.

மூன்றாவது, டின்னுக்குள் பாலிஷில் ஊறிய பஞ்சு. வேண்டிய அளவு பிய்த்து எடுத்துத் துடைக்கலாம். ஸ்போக் கம்பிகளின் இடுக்கிலும் வளைவுகளிலும் துடைக்க இது வசதி. பயன்படுத்தியபின் டின்னை இறுக மூடாவிட்டால் காய்ந்துவிடும்.

நான்காவது, மெழுகு. இது உண்மையில் பாலிஷ் அல்ல. இதில் தேய்ப்புப் பொடி இருக்கக்கூடாது. இது பூச்சின்மேல் படிந்து, துளைகளின் வாயில் நீர் புகாமல் தடுக்கிறது. நல்ல கார் மெழுகுகளில் கார்னோபா என்னும் மெழுகு சேர்க்கப்படும். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது எடுக்கப்படுகிறது. நம் செம்பனை பழத்தில் எண்ணெய் தருகிறது. அந்தப் பனை ஓலையில் மெழுகு தருகிறது. கையில் உள்ள பணத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், மெழுகை வாங்குங்கள். துருப்பிடித்தபின் எடுப்பதைவிட, பிடிக்காமல் காப்பது மலிவு.

எந்தப் பாலிஷ் என்று கேட்பதற்குமுன் எந்த உலோகம் என்று கேட்கவேண்டும். ஒரே வண்டியில் நான்கைந்து உலோகங்கள் இருக்கும். எல்லாம் வெள்ளையாக மின்னுவதால் எல்லாம் குரோம் என்று எண்ணிவிடுகிறோம். கண்டறிவதற்குப் பிள்ளைகளின் விளையாட்டுக் காந்தம் ஒன்று போதும். காந்தம் பற்றிக்கொண்டால் உள்ளே இரும்பு. மேலே பளபளப்பது பெரும்பாலும் குரோம். பற்றாவிட்டால் அது அலுமினியமாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், சில எவர்சில்வர் வகைகளும் காந்தத்தைப் பற்றுவதில்லை. நகத்தால் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று மந்தமாக ஒலித்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாவிட்டால் அது பிளாஸ்டிக்.

இயந்திரத்தின் பக்க மூடிகள் பெரும்பாலும் அலுமினியம். பல வண்டிகளில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத தெளிந்த வார்னிஷ் பூசி அனுப்புவார்கள். அதைப் பசை போட்டுத் தேய்த்தால் வார்னிஷ் திட்டுத்திட்டாகப் போய்விடும். வார்னிஷ் இல்லாத அலுமினியத்தைத் தேய்த்தால் துணி கறுத்துக்கொண்டே வரும். அது அழுக்கு மட்டுமல்ல. உலோகமும் சேர்ந்து வருகிறது. எனவே கறுப்பு நிற்கட்டும் என்று காத்திருந்து தேய்க்கவேண்டாம். பொன்னிறமாக அல்லது வேறு நிறமாக இருக்கும் அலுமினிய ரிம்களுக்குப் பாலிஷே ஆகாது, நிறம் போய்விடும். கண்ணாடிச் சட்டம், விளக்கு வளையம் போன்ற பிளாஸ்டிக் குரோமுக்குச் சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும்.

பெயர் தெரியாத ஒரு பாலிஷ் மலிவாகக் கிடைக்கிறது. நல்லதா, கெட்டதா? சோதித்துப் பார்ப்போம். ஒரு துளியை இரண்டு விரல்களுக்கிடையே வைத்துத் தேயுங்கள். மணல்போல் நெருடினால் வேண்டாம். நெருடவில்லை என்றால், பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்றின் பின்புறத்தில் சிறிது தேய்த்து, கழுவி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிய கீறல்கள் தெரிந்தால் அந்தப் பாலிஷ் உங்கள் வண்டிக்கு ஆகாது. எவர்சில்வர் குரோமைவிட மெதுவானது. அதையே கீறாத பாலிஷ் குரோமைக் கீறாது. டின்னின்மேல் எழுதியிருப்பதையும் படிக்கவேண்டும். குரோமுக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா, அமிலம் கலந்தது என்று எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு மலாயோ ஆங்கிலமோ படிக்க வராவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அதுவும் அவனுக்கு ஒரு பாடம்.

வீட்டுப் பொருள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். புளியும் சாம்பலும் செங்கல் தூளும் நம் பாட்டிமார் பித்தளைக்குக் கண்ட பாலிஷ். புளியில் உள்ள அமிலம் பித்தளைக் கறையைக் கரைக்கிறது. சாம்பலும் தூளும் அதைத் தேய்த்து எடுக்கின்றன. பித்தளைக் குடம் முழுதும் பித்தளை. சிறிது தேய்ந்தாலும் கவலையில்லை. குரோமில் அதே வேலையைச் செய்தால் புளி துளைக்குள் தங்கி இரும்பை அரிக்கும். செங்கல் தூள் பூச்சைக் கீறும். மணலும் தேங்காய் நாரும் அப்படித்தான். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்தால், அதன் துணுக்குகள் பூச்சில் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடித்துப் புதிய புள்ளிகளாகத் தெரியும்.

கழிப்பறை கழுவும் அமிலத்தை மட்டும் ஒருபோதும் வண்டியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால், அது குரோமியத்தையே கரைத்துவிடும். முலாம் பூசும் பட்டறைகளில் பழைய குரோமைக் கழற்றி எடுப்பதற்கே அந்த அமிலத்தைப் பயன்படுத்துவதுண்டு. அழுக்குப் போகும், கூடவே குரோமும் போகும்.

இனித் துலக்கும் முறை. வண்டியை நிழலில் நிறுத்தி, இயந்திரமும் புகைக்குழாயும் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். முதலில் நிறைய நீர் ஊற்றிச் சேற்றையும் மணலையும் போக்குங்கள். மணல் இருக்கும்போது துணியால் துடைத்தால், துணியே உப்புத்தாளாகிவிடும். பிறகு சோப்பு நீரால் கழுவி, மீண்டும் நல்ல நீர் ஊற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். தார் ஒட்டியிருந்தால் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுபடியும் சோப்பு நீரால் கழுவுங்கள்.

இப்போது செம்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பாலிஷ் வேண்டியதில்லை. நேரே மெழுகுக்குப் போகலாம். தெரிந்தால், கடையில் சுருளாக விற்கும் அலுமினியத் தாளில் ஒரு துண்டைக் கசக்கி, நீரில் நனைத்து, புள்ளியின்மேல் மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிகவும் மெதுவானது. ஆனாலும் துருவை எடுத்துவிடும். காசும் அதிகம் ஆகாது. அதற்கும் போகாத துருவுக்கு மட்டும் டியூப் பசையை, ஒரு பட்டாணி அளவு, மெல்லிய பழைய பருத்தித் துணியில் எடுத்துத் தேயுங்கள். ஒரு சாண் இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி போனவுடன் நிறுத்திவிடுங்கள். பசை காய்வதற்குமுன் வேறு துணியால் துடைத்தெடுங்கள்.

கடைசியில் மெழுகு. மெல்லியதாகப் பூசி, சிறிது நேரம் விட்டு, துடைத்துவிடுங்கள். அடைமழைக் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது மெழுகு பூசுவது நல்லது. வண்டியைப் பல நாள் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதானால் குரோம்மேல் சிறிது வாசலின் தடவி வைக்கலாம். சமையல் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பாலிஷால் ஆகாத காரியங்களும் உண்டு. குரோமின் நீலவெண்மை மாறி ஓரிடத்தில் இலேசான மஞ்சள் தெரிந்தால், குரோம் தேய்ந்து நிக்கல் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தை இனித் தேய்க்கவே கூடாது, மெழுகு மட்டும்தான். பூச்சு உரிந்து நின்றால் அதன் ஓரம் சவர அலகுபோல் கூர்மையாக இருக்கும். விரலை வைத்துப் பார்க்காதீர்கள். இயந்திரத்திலிருந்து புறப்படும் இடத்தில் புகைக்குழாய் நீலமாகிப்போனால் அது அழுக்கல்ல; அளவுமீறிய சூட்டின் அடையாளம். எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும், தீப்பொறி நேரம் தவறினாலும் அப்படி ஆகலாம். பாலிஷ் போட்டால் நிறம் போய்விடும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் திரும்பவும் வரும். வண்டியைப் பட்டறையில் காட்டவேண்டும்.

முன் ஃபோர்க்கில், மேலும் கீழும் வழுக்கி ஓடும் குழாயை மிகவும் கவனிக்கவேண்டும். அதன்மேல் உள்ள குரோம் அழகுக்காக அல்ல. அது மழமழப்பாக இருந்தால்தான் ரப்பர் வளையம் எண்ணெயை உள்ளே பிடித்து வைக்கும். அதில் துருக்குழி விழுந்தால் வளையம் கிழியும். எண்ணெய் ஒழுகி, பிரேக்கின்மேல் படியக்கூடும். அப்படி நேர்ந்தால் பிரேக் பிடிக்காது. அந்தக் குழாயை உப்புத்தாளால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். நாள்தோறும் சேற்றைத் துடைத்துவிட்டாலே போதும். குழி விழுந்துவிட்டால் பட்டறைக்கே கொண்டுபோகவேண்டும். டயர் மாற்றும் நாளில் ரிம்மின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே மின்னிக்கொண்டு உள்ளே துரு தின்ற ரிம்கள் உண்டு. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது இங்கேயும் பொருந்தும்.

கடைசியாக, உயிருக்கும் உடலுக்கும் உரிய எச்சரிக்கை. சில தம்பிமார் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டு, பின்சக்கரம் சுழலும்போதே துணியை வைத்துத் துடைக்கிறார்கள். கை வலிக்காமல் வேலை முடிகிறது என்பது அவர்கள் எண்ணம். துணியின் ஒரு நுனி சங்கிலியிலோ ஸ்போக்கிலோ சிக்கினால், துணியோடு விரலும் போகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. பால்வெட்டும் கைக்கும், குலை தள்ளும் கைக்கும், பேனா பிடிக்கும் கைக்கும் பத்து விரலும் வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துடையுங்கள். சக்கரத்தைத் திருப்பவேண்டுமானால் கையால் திருப்பி, நிறுத்தி, பிறகு துடையுங்கள். சிறு பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

பிரேக்கிலும், டயரிலும், கால் வைக்கும் இடத்திலும், ஹேண்டல் பிடியிலும் பாலிஷோ மெழுகோ படக்கூடாது. வாசலில் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். அருகே சிகரெட் வேண்டாம். அம்மோனியா கலந்த பொருளையும் துணி வெளுக்கும் குளோரினையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், நச்சுவாயு எழும்பும். பாலிஷையும் மண்ணெண்ணெயையும் சர்பத் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் புட்டிதான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றைச் சுருக்கிப் பார்ப்போம்.

ஒன்று: எந்த உலோகம் என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். குரோமுக்கு ஏற்றது அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஏற்றதல்ல.

இரண்டு: துரு இருந்தால் மட்டும் பாலிஷ், அதுவும் நுண்ணிய பசை, சிறிதளவு, புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும்.

மூன்று: ஒவ்வொரு முறையும் பாலிஷுக்குப்பின் மெழுகு. பாலிஷ் இல்லாத நாளிலும் மெழுகு உண்டு.

நான்கு: திராவகமும் உரமும் பட்ட நாளில் அன்றைக்கே கழுவுங்கள்.

ஐந்து: இயந்திரம் நின்றபிறகே துணியைக் கையில் எடுங்கள்.

நாம் உழைத்து வாங்கிய வண்டி நமக்காக நெடுநாள் உழைக்கவேண்டும். அதற்கு விலையுயர்ந்த பாலிஷைவிட, மாலையில் ஒரு வாளி நீரும் ஓர் உலர்ந்த துணியும் கால்மணி நேரமும் அதிகம் உதவும். அடுத்த தீபாவளிக்கு உங்கள் ரிம் பளபளப்பது போலவே, அதற்கடுத்த தைப்பூசத்திலும் பளபளக்கட்டும்.